அப்பாவின் சட்டைப் பையில் இருந்த பத்திரம்

மன்னிப்பைப் பற்றி எனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் இந்த இடத்திலேயே நின்றுகொள்ளலாம். கோயிலில் சொன்னார்கள், தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சொன்னார்கள், சொந்த அண்ணனே சொல்லிப் பார்த்தான். "போனது போகட்டும், அந்த மனுசனும் பிள்ளகுட்டிக்காரன்" என்றார்கள். நானும் பிள்ளைகுட்டிக்காரிதான். என் பிள்ளையை வைத்துத்தான் அந்த மனிதர் விளையாடினார்.

நான் சொல்வது எங்கள் பகுதியில் இருந்த கிராம சேவகரை. பெயர் எழுத மாட்டேன். பெயர் சொல்கிற அளவுக்கு அவரை நான் மதிக்கவில்லை. இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம்தான் அவருக்கும் ஊர், எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், பிறந்தவர். அவருடைய அம்மாவும் தலையில் கூடை மாட்டிக் கொழுந்து பறித்தவர்தான். படித்து, அரசாங்க உத்தியோகம் கிடைத்து, இஸ்திரி போட்ட காற்சட்டை போட்டதும் எங்களோடு பேசுகிற மொழி மாறிவிட்டது. தமிழில் கேட்டால் சிங்களத்தில் பதில் வரும். சிங்கள ஆட்களிடம் குழைகிற குரல், எங்களைக் கண்டால் விறைத்துக்கொள்ளும். அவரை "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டு நான் ஒன்றரை வருடம் நடந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஷார்ஜாவில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே லாரி ஓட்டுகிறவர், இந்தியர், திருச்சிப் பக்கம். முதல் நாள் அவர் பேசியதைக் கேட்டதும் யாரோ நம்ம தோட்டத்து ஆள் என்றே நினைத்தேன். அவரும் என் பேச்சைக் கேட்டு ஊர்க்காரி என்று நினைத்துவிட்டார். எந்த ஊர் என்று கேட்டார். லிந்துலை என்றேன். "அது துறையூர் தாண்டியா?" என்றார். இப்படித்தான் ஆரம்பித்தது. அவருடைய ஊரில் வைத்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். மறு வருடம் ஷார்ஜாவில் மகள் பிறந்தாள்.

அவள் எந்த நாட்டுப் பிள்ளை என்று நாங்கள் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கவில்லை. அவருக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்குப் போனார், அங்கே பதிந்து இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தார். நம்ம நாட்டுப் பதிவை ஊருக்குப் போய்ச் செய்துகொள்ளலாம், அம்மா இலங்கைக்காரி என்றால் பிள்ளைக்கும் கொடுப்பார்கள் என்று கூட வேலை செய்த கண்டிப் பெண் சொல்லியிருந்தாள். அவள் சொன்னது சரிதான். சட்டம் அப்படித்தான் இருந்தது. குறை சட்டத்தில் இல்லை.

பிள்ளையோடு இருக்க என் கொம்பனி விடுதியில் இடமில்லை, விசாவும் முடிந்தது. திருச்சியில் அவர் வீட்டில் என்னைச் "சிலோன்காரி" என்பார்கள். கெட்டவர்கள் இல்லை, ஆனால் அவர் இல்லாத வீட்டில் சிலோன்காரியாகப் போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை. ஐந்து மாதப் பிள்ளையோடு நான் பிறந்த லயத்துக்கே வந்தேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன. அண்ணன் குடும்பம் இருந்தது. விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டு, மடியில் கிடந்தவளுக்கு முப்பது நாள் சுற்றுலா விசா கொடுத்தார்கள். என் மார்பைத் தவிர இந்த நாட்டில் வேறெதையும் சுற்றிப் பார்க்காத சுற்றுலாப் பயணி அவள்.

வந்த வாரமே கிராம சேவகரிடம் போனேன். தோட்டத்து ஆட்களுக்கு எந்தக் காகித வேலை என்றாலும் முதல் படி அவருடைய மேசைதான். கொழும்புக்கு நேரே போகலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே தோன்றாது. அவர் பிள்ளையின் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிங்களத்தில் சொன்னார். நாலு தலைமுறையாக நாங்கள் இந்தியாக்காரர் இல்லை என்று இந்த நாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், இந்த அம்மா போய் நிஜமான இந்தியாக்காரியையே கையோடு கூட்டி வந்திருக்கிறாள் என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். காரியம் ஆகவேண்டுமே.

"பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். இன்னும் ஏழு மாதம் இருக்கிறதுதானே?" என்றார். பிறகு கேட்டார்: "தாத்தகே பிரஜாவுரிமைப் பத்திரம்?"

அப்பாவின் குடியுரிமைப் பத்திரம். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஆட்கள் இங்கேயே பிறந்து இங்கேயே உழைத்தும் நாடில்லாதவர்களாக வைக்கப்பட்டிருந்த காலத்தில், மனுப்போட்டு, வரிசையில் நின்று, வருடக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய ஒரு தாள் அது. அப்பாவின் அக்கா குடும்பத்துக்கு அது கிடைக்கவில்லை. கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அப்பாவுக்குக் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து அது அவருடைய சட்டைப் பையில் இருந்தது. டவுனில் பிரதி எடுக்கிற கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணனிடம், நாங்கள் நானா என்போம், கொடுத்து இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டி வாங்கினார். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனாலும் பை, கோயிலுக்குப் போனாலும் பை. எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள், அதனால் கேட்காத இடத்திலும் எடுத்துக் காட்டிவிடுவார். பஸ் கண்டக்டரிடம்கூட ஒரு முறை காட்டினார்.

அவர் செத்தபோது பெட்டியில் வெற்றிலை வைத்தோம், புகையிலை வைத்தோம். குளிப்பாட்டிச் சட்டை மாட்டியதும் பையை வெறுமையாகப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "அது இல்லாம அப்பாவுக்கு எங்கயும் போகத் தெரியாதே" என்றேன். பக்கத்து லயத்துக் கிழவர் ஒருவர், "வச்சி அனுப்பு புள்ள. அங்கயும் நீ யாருன்னு கேட்டா என்ன காட்டுவாரு?" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. நான் பத்திரத்தைப் பையில் வைத்து, மேலே பொத்தானையும் போட்டேன். நாடில்லாமல் இருந்து பார்க்காத எவனும் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் செய்திருக்க மாட்டான்.

இதைத்தான் கிராம சேவகரிடம் சொன்னேன். "அப்பாவோடயே பொதச்சிட்டோம் சார்."

இன்னொரு சிரிப்பு. பிறகு பேனாவை மூடிவிட்டார். அது இல்லாமல் கோப்பு கொழும்பிலிருந்து திரும்பி வந்துவிடும், தேடிக்கொண்டு வா என்றார். என் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் நானே வைத்தேன். "வேற வழி இருந்தா ஒரு கோல் குடுங்க சார்" என்றேன். தலையை ஆட்டினார்.

எங்கே தேடுவது? நானா கடையில் கேட்டேன், பிரதி எடுத்து வைத்திருப்பாரோ என்று. நானா பழைய காகிதக் கட்டுகளை எல்லாம் எனக்காகக் கீழே இறக்கினார். இல்லை. நுவரெலியாவுக்குப் போனேன். பழைய பதிவேடுகள் கண்டியில் இருக்கும் என்றார்கள். கண்டியில், கொழும்பில் இருக்கும் என்றார்கள். பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். வளைவுக்கு வளைவு அவள் வாந்தி எடுத்தாள். இடையிடையே கிராம சேவகரிடம் போய் நிற்பேன். தலை நிமிராமலே "ஹெட்ட எண்ட நங்கி" என்பார். நாளைக்கு வா தங்கச்சி. மறுநாள் போனால் கூட்டம் என்று வெளியே போயிருப்பார்.

குடிவரவு அலுவலகத்தில் பிள்ளையின் விசாவை ஒரு முறை நீட்டினார்கள், இன்னொரு முறையும் நீட்டினார்கள். மூன்றாவது முறை ஓர் அதிகாரி என்னிடம் அமைதியாகவே சொன்னார்: இனி நீட்ட முடியாது, பதிவு நடக்காவிட்டால் பிள்ளை நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். பிள்ளை மட்டும். நான் இலங்கைக்காரி, எனக்குப் பிரச்சினை இல்லை. அவள் இந்தியாவுக்குப் போகலாம். அவளுடைய அப்பா இந்தியாவில் இல்லையே, ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறாரே என்றேன்.  பால்குடி மறக்காத பிள்ளையை இவர்கள் எந்தக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். தலவாக்கலை வருகிறவரைக்கும் அழுதேன். இறங்கியதும் அழுகை நின்றுவிட்டது. அண்ணனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

"அப்பா குழிய தோண்டணும்" என்றேன்.

அண்ணன் அடிக்கக் கை ஓங்கினான். வாழ்நாளில் அவன் என்னை அடித்ததில்லை. "ஒனக்குப் பைத்தியமா? பெத்த தகப்பன் குழியில கை வைக்கிறதா?" என்றான். நான் பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன். "அப்ப இவள நீயே கொண்டுபோய் பிளேன்ல ஏத்திவிட்டுட்டு வா" என்றேன். அவள் அவனுடைய சட்டைப் பொத்தானைப் பிடித்து வாயில் போட்டாள். 

மறுநாள் அவன் பெரட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு, வெயில் ஏறின நேரத்தில், மம்பட்டியும் அலவாங்குக் கடப்பாரையுமாக இரண்டு பேரும் புதைகாட்டுக்கு ஏறினோம். தேயிலை போடாமல் விட்ட ஒரு சரிவுதான் எங்கள் புதைகாடு. முதல் மண்ணை நான்தான் வெட்டினேன். அவனை வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழங்கால் ஆழம் போனதும் அவன் மம்பட்டியைப் பிடுங்கிக்கொண்டான். அந்த மலையில் மழை ஓயாது, பெட்டி எல்லாம் எப்போதோ மண்ணாகியிருந்தது. மீதி என்ன இருந்தது என்று எழுத மாட்டேன். அதைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர், எங்களோடு போகட்டும். பிளாஸ்டிக் இருந்தது. எடுத்துத் துடைத்தேன். உள்ளே தண்ணீர் புகுந்து தாள் மண்ணோடு மண்ணாக ஊறிப்போயிருந்தது. ஒரு மூலையில் ஊதா நிறத்தில் அரை முத்திரை தெரிந்தது. அப்பாவின் படம் இருந்த இடத்தில் ஒரு கறை. குழியை மூடினோம். அண்ணன் இன்றைக்கும் அந்தப் பக்கத்து மலையில் வேலை போட்டால், சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று பெரட்டிலிருந்தே திரும்பி வந்துவிடுவான்.

குளித்து, அதை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு அன்றைக்கே கிராம சேவகரிடம் போனேன். அரை முத்திரை போதாதா, அதை வைத்தாவது தேட மாட்டார்களா என்று ஓர் ஆசை. துவாயை விரித்தேன். அவர் விரலால் தொடவில்லை. பேனா முனையால் ஒரு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு, நான் அவரைப் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து முதல் முறையாக, என்னிடம் தமிழில் பேசினார்.

"இதா... இது இப்ப தேவயில்ல தங்கச்சி. மேல இருந்து நாலு மாசத்துக்கு முந்தியே சொல்லிட்டாங்க. ஒங்க பொறப்புச் சான்றிதழும் பாஸ்போட்டும் போதும்."

காதில் விழுந்தது. மூளைக்குப் போக நேரம் எடுத்தது. "சொல்லலியே சார். அந்த நாலு மாசத்துல மூணு தடவ வந்தேனே. நம்பர் குடுத்தேனே" என்றேன். குனிந்து பார்த்தேன். என் துண்டுக் காகிதம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தபடியே இருந்தது. அதன் மேல்தான் தேநீர்க் கோப்பையை வைத்திருந்தார்.

"எத்தன பேருக்குத்தான் சொல்றது? ஞாபகம் இருக்க வேணாமா?" என்றார்.

அந்த நிமிடத்தில் நான் அவரை அடித்திருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அடிக்கவில்லை. துவாயை மடித்தேன்.  ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கோபத்தை நான் ஆறவிடவில்லை. அடுப்பில் வைத்து, சாம்பல் போட்டு மூடி வைத்தேன்.

நேரே நானா கடைக்குப் போனேன். நானா கணினியில் தேடிப் பட்டியலை எடுத்து ஒரு விரலால் வரிவரியாகத் தொட்டு வாசித்தார். "லிஸ்ட் இந்தா ஈக்கி. பிள்ளட பொறப்புச் சான்றிதழ், தாய் தகப்பன்ட பொறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பாஸ்போட். வாப்பாட பத்திரம்னு ஒரு எடத்துலயும் இல்லயே தங்கச்சி. யாரு கேட்டது?" என்றார். நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருடைய பிறப்புச் சான்றிதழ் ஒன்றைத் தவிர எல்லாமே என் பெட்டியில் இருந்தவை. வந்த வாரமே கொழும்புக்குப் போயிருந்தால் வருடம் தாண்டுவதற்குள் முடிந்திருக்கும்.

என் வீட்டுக்காரரின் பிறப்புச் சான்றிதழ் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்து, நான் கொழும்பில் போய் நின்றபோது, மகளுக்கு ஒரு வயதாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பிறந்த நாளுக்கு நாங்கள் கேக் வெட்டவில்லை. கவுண்டரில் இருந்த சின்னப் பெண், சிங்களப் பிள்ளை, தேதியைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். வருடம் தாண்டிவிட்டதால் தண்டம் கட்ட வேண்டும், தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும், நான் இன்ன இடத்தில் இத்தனை மாதமாகப் பிள்ளையோடு வசிக்கிறேன் என்று கிராம சேவகர் கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டும் என்றாள். விண்ணப்பம் கையில் இருக்கிறது என்று காட்ட ஒரு துண்டும் தந்தாள், அதைக் காட்டினால் முடிவு வரும்வரை பிள்ளையை அனுப்ப மாட்டார்கள் என்று. என் கஷ்டத்துக்காக முகம் வாடிய முதல் அரசாங்க ஆள் அவள்தான். யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்லக்கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆக, அந்த மனிதரின் கையெழுத்து எனக்கு இன்னும் வேண்டியிருந்தது.

புலி பதுங்குவது பாய்வதற்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பதுங்குவது எவ்வளவு அசிங்கமான வேலை என்று யாரும் சொல்லித் தரவில்லை. நல்ல தேயிலைத்தூள் ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சார் இல்லாட்டி எங்களுக்கு யாரு சார்" என்றேன். அவருடைய மனைவிக்குக் கால் வலி என்று கேள்விப்பட்டு, ஷார்ஜாவிலிருந்து நான் எனக்காகக் கொண்டுவந்த தைலத்தைக் கொடுத்தேன். அவருக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது. இந்த மாதிரி அடக்கமாக இருந்தால் காரியம் தானாக நடக்கும் என்று மற்றவர்களுக்கு என்னை உதாரணம் காட்டினார். மூன்று மாதம் இழுத்து, காலமும் இடமும் போட்டு, கையெழுத்து வைத்து, ரப்பர் முத்திரையும் குத்திக் கொடுத்தார். "சந்தோசமா?" என்று கேட்டார். "ரொம்ப சந்தோசம் சார்" என்றேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் பொய்யில்லை.

அதற்கு மேல் கொழும்பில் ஏழு மாதம். ஒரு வியாழக்கிழமை சான்றிதழ் வந்தது. மகளின் பெயர், அதற்குக் கீழே என் பெயர், அவளுடைய அப்பாவின் பெயர். அவள் இலங்கைப் பிரஜை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நூறு தடவை வாசித்திருப்பேன். வீட்டுக்குப் போகவில்லை. டவுனில் இறங்கி நேரே நானா கடைக்குப் போய், "ஒரு புகார் எழுதணும் நானா. சிங்களத்துல" என்றேன்.

நான் சொல்லச் சொல்ல நானா தட்டச்சு செய்தார். குழி தோண்டிய இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டார். "இத எழுதத்தான் வேணுமா? மையத்துக் குழியத் தோண்டுறது குத்தம் தங்கச்சி. ஒங்க மேலயும் கேஸ் வரும்" என்றார். எழுதுங்கள் என்றேன். தோண்டியது நான் என்று எழுதச் சொன்னேன். அண்ணன் பெயரை ஓரிடத்திலும் போடவில்லை. அவருக்கு மேலே இருக்கிற பிரதேச செயலகத்துக்குப் பதிவுத் தபாலில் போட்டு, ரசீதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

ஐந்தாவது வாரம் விசாரணைக் கடிதம் வந்தது. அவருக்கும் ஒன்று போயிருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் லயத்து வாசலில் நின்றார். கையில் ஆப்பிள் பை. அந்தக் காற்சட்டையோடு எங்கள் வாசல் சேற்றில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொல்லவில்லை.

முதலில் மிரட்டினார். "குழி தோண்டுறது சட்டப்படி குத்தம், தெரியுந்தானே?"

"தெரியும் சார். நானே எழுதியிருக்கேன், பாக்கலியா?"

பிறகு இறங்கினார். "எட்டு மாசத்துல பென்சன் தங்கச்சி. இந்த நேரத்துல விசாரணன்னா எல்லாம் நின்னுரும். ஒரே ஆளுங்க நாம. நம்மளுக்குள்ள பேசித் தீத்துக்கலாமே. நான் செஞ்சது தப்புத்தான். மன்னிச்சிருங்க."

நாம. ஒன்றரை வருடமாக நங்கியாக இருந்தவள் பென்சனுக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒரே ஆளாகிவிட்டேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"எங்கிட்ட எதுக்கு சார் மன்னிப்பு? எழுப்பிவிட்டது எங்கப்பாவத்தானே. அவருகிட்டப் போய்க் கேளுங்க. எடம் தெரியாட்டி நான் காட்டுறேன்."

வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். மகளை அண்ணியிடம் விட்டுவிட்டு முன்னால் நடந்தேன். தூறிக்கொண்டிருந்தது. அறுபதை நெருங்குகிற மனிதர், முட்டியைப் பிடித்துக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வழுக்கி வழுக்கி ஏறினார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் கை கொடுக்கவில்லை. வேகமாக ஏறினேன், வேண்டுமென்றேதான். லயத்துச் சனம் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்றிருந்தது.

இடத்தைக் காட்டினேன். நாங்கள் திருப்பி மூடிய மண் மழையில் அமுங்கி, ஒரு பக்கம் பள்ளமாகத்தான் கிடந்தது. அவர் செருப்பைக் கழற்றினார்.  பிறகு பேசினார். எங்கள் பேச்சில், லயத்துப் பேச்சில். இவருக்கு இந்தப் பேச்சு இன்னும் இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

"மாமா, தப்பு நடந்துருச்சுங்க. ஒங்க பேத்திக்குப் பதிஞ்சாச்சு. நானும் எங்கப்பா பத்திரத்தப் பையில வச்சிக்கிட்டு அலஞ்சவன்தான். வேலைக்கு இன்டர்வியூவுக்குப் போனப்போ, அம்பது பேருக்கு நடுவுல என்னய மட்டும் எழுப்பி, ஒங்கப்பன் பத்திரம் எங்கடான்னு கேட்டாங்க. அன்னைலருந்து எவன் வந்தாலும் எனக்கு அதத்தான் கேக்க வருது. அது இல்லாம நம்ம ஆள யாரு நம்புவான்னு... வேணாம்னு மேல சொன்னப்பக்கூட எனக்கு நம்பிக்க வரல மாமா."

அழுதார். நடிப்பில்லை. நடிப்பு எனக்குத் தெரியும், அவர் மேசைக்கு முன்னால் பல மாதம் நடித்தவள் நான். அவருக்கு நடந்தது அநியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை வாங்கின இடத்தில் திருப்பிக் கொடுக்காமல், கொண்டுவந்து என் பால்குடிப் பிள்ளையின் தலையில் கொட்டினாரே, அது எந்த ஊர் நியாயம்? அவர் அழுதார். நான் மழையில் நனைந்துகொண்டு நின்றேன். எனக்கு நன்றாக இருந்தது. அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். மண் ஒட்டிய காற்சட்டையைத் தட்டினார். மனம் லேசாகிவிட்டது போலிருந்தது, முகத்தில் பழைய தெம்பு கொஞ்சம் வந்துவிட்டது.

"அப்ப தங்கச்சி... புகார வாபஸ் வாங்கிருவீங்கதானே?"

"எங்கப்பா மன்னிச்சிருப்பாரு சார்" என்றேன். "அவரு அப்படித்தான். அவரு அக்காவ நாட்ட விட்டு வெரட்டுனவங்களயும் மன்னிச்சாரு, வரிசையில நிக்க வச்சவங்களயும் மன்னிச்சாரு. ஆனா புகார் குடுத்தது அவரு இல்லயே. நான்தானே."

 நான் அவரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி வந்தேன். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு விசாரணைக்குப் போனேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை.